ஆறாம் மேசையின் பெயர்ப்பட்டியல்

1. மணி அடிக்கும் வரை

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், எங்கள் பேச்சில் லெப்பில், செய்முறைப் பரீட்சை நாளில் டெக்னிக்கல் ஒபிசருக்கு வேலை இரண்டுதான். பரீட்சைக்கு முன்னால் எல்லாக் கருவிகளும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்து வைக்க வேண்டும். பரீட்சை தொடங்கிய பிறகு வாயைத் திறக்கக் கூடாது. முப்பத்தொரு வருஷம் இந்த இரண்டையும் செய்தேன். ஒரே ஒரு நாள்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்குப் பெரும் பாடாக இருந்தது.

அது இரண்டாம் வருட இரசாயன மாணவர்களின் பரீட்சை. லெப்பில் எட்டு ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, ஏழு நிமிடம், மணி அடித்ததும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ஐந்தாவது ஸ்டேஷனில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருந்தது. நிறமான ஒரு கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை எண்ணாகக் காட்டும் பெட்டி அது. கியூவெட் என்ற சின்னச் சதுரக் குப்பியில் வெறும் தண்ணீரை ஊற்றி உள்ளே வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு கரைசலை வைத்து வாசிக்க வேண்டும். பழகியவருக்கு மூன்று நிமிட வேலை.

கௌசல்யா அந்த ஸ்டேஷனுக்கு வந்தபோது நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன். லுணுகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை. உயர்தரப் பரீட்சையில் இரசாயனத்துக்கு ஏ எடுத்தவள். கியூவெட்டைக் கையில் எடுத்தாள். அதற்கு இரண்டு பக்கம் தெளிவாகவும் இரண்டு பக்கம் மங்கலாகவும் இருக்கும். எந்தப் பக்கம் ஒளியைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். பெட்டியின் மூடியைத் திறக்கவே இல்லை. என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மணி அடித்தது. விடைத்தாளை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போனாள்.

அவளுக்குப் பின்னால் நமுனுகுலையிலிருந்து வந்த தினேஷ். அவன் ஏதோ ஒரு பட்டனை அழுத்தினான், திரையில் வேறு என்னவோ வந்தது, அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். அவர்கள் இருவரும் வழக்கமான லெப் வகுப்பில் ஆறாம் மேசைப் பிள்ளைகள். அந்த மேசையில் மொத்தம் ஆறு பேர். ஐந்தாவது ஸ்டேஷனில் நான்கு பேர் வெறுந்தாள் கொடுத்திருந்தார்கள். மற்ற ஐந்து மேசைகளில் ஒருவர்கூட அப்படிக் கொடுக்கவில்லை.

அன்று பின்னேரம் எங்கள் துறைத் தலைவர் மெடம் தாள்களை என் முன்னால் வைத்து, இந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். இங்கிலீஷ் பிரச்சினை என்று சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

2. பட்டியல் எழுதியது யார்

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பதுளைக்காரி. அப்பா பசாரில் புடைவைக் கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ், கடையில் பாதித் தமிழ் பாதிச் சிங்களம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் ஓரளவு படித்துக்கொண்டேன். அதனால் லெப் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. லெப் ஊழியர்களில் நான் ஒருத்திதான் தமிழ்.

வருஷா வருஷம் மாணவர்களை மேசைகளுக்குப் பிரித்துப் பெயர்ப்பட்டியல் போடுவது என் வேலை. அதில் யாரும் தலையிடமாட்டார்கள். விரிவுரை இங்கிலீஷில் நடக்கும், ஆனால் லெப்பில் பிள்ளைகளின் பேச்சு சிங்களத்தில்தான் இருக்கும். தோட்டப் பகுதிகளிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் முதல் கிழமைகளில் இரண்டுக்கும் நடுவில் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அவர்களை ஒன்றாக ஆறாம் மேசையில் போட ஆரம்பித்தேன். கரைசல்களைக் கலந்து வைக்கும் என் ஆயத்த அறையின் கதவுக்கு எதிரே இருப்பது அந்த மேசைதான். வெளியே வந்து தமிழில் விளக்கிச் சொல்லலாம். பியூரட் என்ற கண்ணாடிக் குழாய் அடைத்துக்கொண்டால் நானே எடுத்துவிடுவேன். கருவிகள் எல்லாம் முதலாம், இரண்டாம் மேசைக்குப் பக்கத்தில் இருந்தன. அங்கே நெரிசல் அதிகம் என்பதால் ஆறாம் மேசையின் கரைசல்களை நானே கொண்டுபோய் வாசித்து எண்களைக் குறித்துக் கொடுப்பேன்.

பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். தினேஷ் அந்த மேசையில் இருந்தால் சிரிப்புக்குக் குறைவிருக்காது. ஆறு பேரும் ஒன்றாக வருவார்கள், ஒன்றாகச் சாப்பிடப் போவார்கள். மற்ற மாணவர்கள் அதைத் தமிழ் மேசை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதிலே பகை ஒன்றும் இல்லை. விரிவுரையாளர் ஒருவர் கேள்வி கேட்கும்போது முதலாம் மேசையிலிருந்து தொடங்கி ஐந்தாம் மேசையோடு நிறுத்திவிடுவார். ஆறாம் மேசைக்குச் சங்கடம் கொடுக்க வேண்டாம் என்ற நல்ல மனது அவருக்கு. எனக்கும் அது நிம்மதியாக இருந்தது.

3. சொன்னால் கோவிப்பீர்களா

பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் கௌசல்யா ஆயத்த அறைக்கு வந்தாள். நான் குப்பிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டூலைக் காட்டி இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

அவள் அதிகம் பேசாத பிள்ளை. குறிப்புகளைப் பென்சிலில் எழுதி, பிழையை அழித்து, கொப்பியை அச்சடித்ததுபோல் வைத்திருப்பாள். அன்று கொப்பியும் கையில் இல்லை.

"மிஸ், ஒண்ணு சொல்லணும். சொன்னா கோவிச்சுக்காதீங்க. அடுத்த டேர்ம்ல என்னைய வேற மேசையில போடுங்க."

யாரோடும் சண்டையா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு ஏன் என்றேன்.

"அந்த மெஷின நான் அன்னைக்குத்தான் மொத மொத தொட்டேன் மிஸ். ஒரு வருஷமா ரீடிங் எல்லாம் நீங்களே எடுத்துக் குடுத்தீங்க. கொப்பியில எனக்கு எல்லாம் சரியா இருக்கு. கையிலதான் ஒண்ணும் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷம் ஓடி ஓடிச் செய்ததற்கு இதுவா என்று நினைத்தேன். நெரிசலில் உங்களுக்கு இடம் கிடைத்திருக்காது, அதனால்தான் செய்தேன் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "இடிச்சுக்கிட்டாவது போயிருப்பேன் மிஸ். இப்ப எங்கள யாரும் கேள்வி கேக்கிறதும் இல்ல. நாங்க கெமிஸ்ட்ரி படிக்கிற புள்ளைங்கன்னு எங்களுக்கே தோண மாட்டேங்குது. ஒங்க வீட்டுக்கு வந்த விருந்தாளிங்க மாதிரி இருக்கோம்."

இதைச் சொல்லிவிட்டு, போறேன் மிஸ் என்று போய்விட்டாள்.

அவளுக்கு இது வெறும் மனக்குறை அல்ல. ஒரு ஸ்டேஷனில் வெறுந்தாள் கொடுத்தாலே அந்தச் செய்முறைப் பாடம் தவறிவிடும், அவள் தவறிவிட்டாள். எங்கள் விதிப்படி திரும்ப எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரம்தான் கிடைக்கும். ஒரே பாடத்தை நான்கு வருஷம் ஆழமாகப் படிக்கும் விசேட பட்டத்துக்கு ஆட்களை எடுக்கும்போது அந்த சி கண்ணில் படும். முதல் வருஷத்திலிருந்தே அவள் விசேட பட்டத்தைத்தான் மனதில் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கோபமாக இருந்தேன். நன்றி கெட்ட பிள்ளை என்றுகூட நினைத்தேன். வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடிக்கும்போதுதான் அப்பாவின் கடை ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட விடுமுறையில் நானும் கடையில் நிற்பேன். தீபாவளிக்கு முன்னால் தோட்டத்துப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் ஒரு கட்டுச் சேலையை எடுத்துப் போட்டு, இதுதான் உங்களுக்கு நல்லா இருக்கும் என்று சொல்லிவிடுவேன். மேல் தட்டில் இருக்கும் சேலைகளை இறக்கிக் காட்டியதே கிடையாது. டவுன்காரர்கள் வந்தால், என்ன வேணும் என்று கேட்போம். தோட்டத்துக்காரர்களிடம் கேட்டதில்லை. அதை நாங்கள் அன்பாகத்தான் செய்தோம். வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டேதான் போனார்கள். யாருக்காவது மேல் தட்டுச் சேலை பிடித்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஆறு பிள்ளைகளையும் நான் அதே மாதிரிதான் நடத்தியிருக்கிறேன் என்று அப்போது விளங்கியது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

4. பிரிக்காதீங்க மிஸ்

மறுநாள் துறைத் தலைவரிடம் போய், பரீட்சையன்று நான் சொன்னது பிழை, காரணம் இங்கிலீஷ் அல்ல, என் பட்டியல் என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அப்படியானால் பட்டியலை மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னார்.

விஷயம் பரவியதும் தினேஷ் ஓடி வந்தான். சிரித்த முகத்தோடு வருபவன் அன்று சிரிக்கவில்லை.

"கௌசல்யா கேட்டான்னு எல்லாரையும் பிரிக்காதீங்க மிஸ். அவ சமாளிச்சுக்குவா. நான் போற மேசையில ஊமையாத்தான் நிப்பேன்."

அவன் சொன்னதும் பொய்யல்ல. ஒருத்திக்கு மூச்சு முட்டிய இடம் இன்னொருவனுக்குத் தைரியம் கொடுத்த இடம். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தேன். ஆறு பேரையும் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் இரண்டு இரண்டு பேராகப் போகலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். கௌசல்யா மட்டும் தனியாகவே போகிறேன் என்றாள். அதனால் தினேஷும் இன்னும் இரண்டு பேரும் மூன்றாம் மேசைக்கு, மற்ற இரண்டு பேர் ஐந்தாம் மேசைக்கு, அவள் இரண்டாம் மேசைக்கு.

கூடவே ஒரு அட்டவணையும் போட்டேன். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கிழமை முழுவதும் ஒருவர்தான் கருவியை இயக்கலாம். யார் என்று பெயர் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். மற்றவர் தொடக் கூடாது. நானும் தொடக் கூடாது. அந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதினேன், எனக்காக.

முதல் இரண்டு கிழமை எனக்குக் கஷ்டமாகவே இருந்தது. இரண்டாம் மேசையில் மற்றவர்கள் வேகமாகச் சிங்களத்தில் பேசிக்கொண்டு வேலையைச் செய்வார்கள். கௌசல்யாவின் பங்குக்குக் குப்பி கழுவுவதுதான் வந்தது. ஆயத்த அறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று கால் இழுக்கும். போகவில்லை. அவளும் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் கிழமை கருவி வாசிக்கும் முறை நிமேஷாவுடையது. வெலிமடைப் பக்கத்துப் பிள்ளை, கெட்டிக்காரி, அவசரக்காரியும்கூட. அவள் எடுத்த வாசிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கரைசலை இரண்டு தரம் மாற்றிப் பார்த்தார்கள். மெஷின் பழுது என்று யாரோ சொன்னார்கள். இரண்டு கிழமையாக மற்றவர்கள் வாசிப்பதைக் கவனித்தபடி குப்பி கழுவிக்கொண்டிருந்த கௌசல்யா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அனிக் பெத்த," என்றாள்.

சிங்களத்தில் மறுபக்கம் என்று அர்த்தம். அந்த மேசையில் அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நிமேஷா விளங்காமல் அவளைப் பார்த்தாள். கௌசல்யா கையை நீட்டி, கியூவெட்டை விளிம்பில் பிடித்து எடுத்து, தெளிவான பக்கம் ஒளிக்கு நேரே வரும்படி திருப்பி வைத்தாள். எண் சரியாக வந்தது. நிமேஷா தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். பிறகு கொப்பியைக் காட்டி ஏதோ கேட்டாள். கௌசல்யா பாதிச் சிங்களத்திலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொன்னாள். நான் கதவைச் சாத்திவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அதற்கடுத்த கிழமை பார்க்கும்போது குப்பி கழுவியது நிமேஷா.

தினேஷ் சொன்னபடியே ஒரு மாதம் ஊமையாகத்தான் நின்றான். அவனை அவசரப்படுத்த ஒரு வழியும் இருக்கவில்லை. பிறகு மூன்றாம் மேசைப் பையன்களுக்குக் கிரிக்கெட் கூட்டாளி ஆனான். பேச்சு மைதானத்தில் தொடங்கி லெப்புக்குள் வந்தது. கருவி வேலையில் அவன் பெரிய கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டேன். ஆனால் திரும்ப எழுதிய பரீட்சையில் மூடியைத் திறந்தான், வாசித்தான், எண்ணை எழுதினான். வெளியே வந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான்.

கௌசல்யாவும் அன்று நான்கு நிமிடத்தில் முடித்தாள். மிச்ச மூன்று நிமிடமும் கியூவெட்டைத் துடைத்து வைத்து, மேசையையும் துடைத்துவிட்டுப் போனாள்.

5. தேயிலை வேண்டாம்

சி கிடைத்தது. விசேட பட்டப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. பட்டியலை விளம்பரப் பலகையில் ஒட்டியது நான்தான். அவள் வந்து வாசித்தாள், கீழிருந்து மேலே இன்னொரு தரம் வாசித்தாள், போய்விட்டாள். இரண்டு நாள் விரிவுரைக்கு வரவில்லை என்று நிமேஷா சொன்னாள். மூன்றாம் நாள் வந்தாள். மூன்று வருஷப் பொதுப் பட்டத்துக்கே பெயர் கொடுத்தாள்.

மூன்றாம் வருஷத்தில் ஒவ்வொரு மாணவரும் சிறிய ஆய்வு ஒன்று செய்ய வேண்டும். விரிவுரையாளர் ஒருவர், நீ தோட்டத்துப் பிள்ளைதானே, உனக்குத் தேயிலை நல்லாகத் தெரியுமே, தேயிலைச் சாயத்தைப் பற்றிச் செய் என்று அன்பாகவே சொன்னார். நான் அப்போது அந்த அறையில் ஒரு தராசைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். கௌசல்யா இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்தி, தனக்குத் தேயிலை தெரியாது என்றாள். கொழுந்து பறிப்பது அம்மா, ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்வது அப்பா, தான் ஒருநாளும் வேலைக்கு மலைக்குப் போனதில்லை, படிக்கத்தான் வைத்தார்கள் என்றாள். தனக்குப் பிடித்தது தண்ணீர் என்றாள். ஊற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பை அளக்க வேண்டும், அந்தக் கருவியில். விரிவுரையாளர் சிரித்துவிட்டுச் சரி என்றார். உள்ளுக்குள் நானும் சிரித்தேன். ஏனென்றால், அவள் தேயிலைதான் எடுப்பாள் என்று நினைத்து இரண்டு நாளைக்கு முன்பே தேயிலை மாதிரிகளுக்குக் குப்பிகள் ஒதுக்கி வைத்திருந்தேன். பழக்கம் அவ்வளவு லேசில் போகாது.

நாலு மாதம் பசறை, லுணுகலைப் பக்கத்து ஊற்றுகளிலிருந்து போத்தல் போத்தலாகத் தண்ணீர் பஸ்ஸில் வந்தது. நிமேஷா தன் ஊர்த் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஆய்வுக்கு ஏ கிடைத்தது. பட்டம் முடிந்ததும் கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். நேர்முகத்தில் ஒரு கருவியைக் காட்டி ஓட்டச் சொன்னார்களாம்.

6. பசறை பஸ் நிலையத்தில்

நான் ஓய்வு பெற்ற பிறகு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுப் பசறையில் பதுளை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கௌசல்யா அம்மாவோடு லுணுகலை பஸ்ஸுக்கு நின்றாள். விடுமுறையில் வந்திருக்கிறாள். அம்மாவுக்கு என்னை அறிமுகம் செய்தாள். அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் பக்கத்திலேயே இருந்து எல்லாம் பாத்துக்கிட்டீங்கன்னு புள்ள சொல்லும்ங்க."

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதுதாங்க பிழை, அவளுக்கு ஒரு பாடத்தில் சி வந்ததற்கு நானும் ஒரு காரணம் என்று சொன்னேன். மேசைக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அந்த அம்மா முழுவதையும் கேட்டார். மகளைப் பார்த்தார். பிறகு, அந்தக் கதை தெரியும், புள்ள முன்னமே சொல்லியிருக்கு என்றார். லுணுகலைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க, பக்கத்துத் தோட்டம்தான் என்றும் சொன்னார்.

பஸ் வந்தது. அம்மா முன்னால் ஏறினார். கௌசல்யா பையைத் தூக்கிக்கொண்டே கேட்டாள், அன்றைக்கு ஆயத்த அறையில் தான் பேசியதற்கு நான் கோவித்தேனா என்று.

"கோவிச்சேன்," என்றேன்.

"தெரியும் மிஸ். மொகத்துலயே தெரிஞ்சுச்சு. இனி லெப் பக்கம் போக முடியாதுன்னு நெனச்சேன். அடுத்த கெழம நீங்க எங்க ஆறு பேரையும் கூப்பிட்டு என்ன வேணும்னு கேட்டீங்க. கெம்பஸ்ல என்னைய அப்படிக் கேட்டது நீங்கதான் மிஸ், மொத ஆள்."

ஏறிப்போய் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் காட்டினாள். வளைவில் பஸ் மறையும் வரை நின்றேன்.

லெப்பில் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு பிள்ளை தன்னை மாணவி என்று நம்புவது புத்தகத்தால் மட்டும் அல்ல. அவளை யாரோடு நிற்க வைக்கிறோம், அவளிடம் யார் கேள்வி கேட்கிறார்கள், அவள் கைக்கு என்ன கொடுக்கிறோம் என்பதாலும்தான். உதவி செய்யுங்கள், நிறையச் செய்யுங்கள். செய்வதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று ஒரு தரம் கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கியது இருபத்தாறாவது வருஷத்தில். அதற்குப் பிறகு வேலை செய்த ஐந்து வருஷமும் எனக்கு நல்ல வருஷங்கள்.